காலியாக இருந்த நான்காவது ஸ்லாட்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே அப்பாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகும் இடங்களில் மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறார். என் ரத்த அழுத்தம் மூன்று வாரமாக ஏறியே இருக்கிறது, அதற்குக் காரணம் நீ. போனில் திட்டலாம் என்று பார்த்தால் நீ நடுவில் புகுந்து "அம்மா, அம்மா, ஒரு நிமிஷம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய், எனக்கும் கோபம் வந்தால் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும், அது உனக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நீ போனை எடுக்கிறாய். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படி.

குட்டிக்கு அந்தக் கம்ப்யூட்டர் கேம் அணியில் இடம் கிடைக்கவில்லை. முடிவு நேற்று வந்தது. நாற்பது பேர், ஐந்து இடம், மூன்று சனிக்கிழமை மூன்று சுற்று, மூன்றையும் கூட்டி வரிசைப்படுத்தினார்கள், உன் தங்கை ஆறாவது. இடம் கிடைத்திருந்தால் இரண்டு வருடம் அவர்களே தங்க வைத்து விளையாட்டும் சொல்லிக் கொடுத்துப் படிக்கவும் வைத்திருப்பார்கள், நம் வீட்டில் ஒரு பெண் விளையாடியே பிழைத்தாள் என்று ஆகியிருக்கும். அடுத்த தேர்வு இனி ஒரு வருடம் கழித்து. அவள் அழவில்லை. "ஆறாவதும் நல்ல நம்பர்தாம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள், குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடம் கிடைத்திருந்தால் நானும் உன்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். அதற்காகத்தான் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

குட்டியின் கம்ப்யூட்டரை நான் எப்படி வாங்கினேன் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான், வாங்கி என்ன பிரயோஜனம், நாலு பேர் நிற்கும் கடையில் ஒரு சாமானை எடுத்துக் காட்டச் சொல்ல நாக்கு எழாது. அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கீழ்த்தளக் கம்ப்யூட்டர் கடையின் ஓரத்தில், மானிட்டர் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், யாருக்காகவோ காத்திருப்பவள் மாதிரி நின்று மற்றவர்கள் வாங்குவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் காந்தப் பட்டை கட்டி அதில் ஸ்க்ரூக்களை ஒட்டி வைத்திருப்பாரே, நீகூடக் காந்தம் அண்ணன் என்று பெயர் வைத்தாயே, அந்தக் கடைக்காரர் மூன்றாவது ஞாயிறு "ஏம்மா, நீங்க என் மாமியார் அனுப்பின ஆளா, வாராவாரம் வேவு பாக்கறீங்க" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கையில் இருந்த நோட்டை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டேன். அதில் என் கேள்விகளெல்லாம் வரிசை போட்டு இருந்தன. அவர் படித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நீ போனில் "பதினாறு கோர் இருக்கறதா பாத்து வாங்கும்மா, கோர் நிறைய இருந்தா எல்லாம் பறக்கும்" என்று சொல்லியிருந்தாய். நான் அதைத்தான் முதல் கேள்வியாக எழுதியிருந்தேன். அவர் உன் தங்கை என்ன கேம் விளையாடுகிறாள் என்று கேட்டார், சொன்னேன். "கோர்னா ப்ராசஸருக்குள்ள வேலை பாக்கற ஆளுங்க மாதிரி. இதுக்குப் பதினாறு ஆள் எதுக்கு? நாலஞ்சு பேரு வேலை செய்வாங்க, மிச்சப் பேரு கை கட்டி நிப்பாங்க. வீடியோ வெட்டி ஒட்டுறவங்களுக்குத்தான் அத்தனை வேணும். உங்களுக்கு ஆள் கம்மியா இருந்தாலும் வேகமா ஓடணும், அவசரத்துக்கு வேணும்கறது மடியிலேயே இருக்கணும்" என்றார். மடி என்று அவர் சொன்னது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரியை, கேஷ் என்கிறார்களே அதை. அது பெரிதாக இருக்கும் எட்டு கோர் ப்ராசஸரை எடுத்தோம். பிறகு ரேம், கேம் ஓடும்போது வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளும் மெமரிப் பட்டை. பதினாறு ஜிபி ஒரே ரேமாக வாங்கினால் என்ன என்று கேட்டேன். "எட்டும் எட்டுமா ஜோடி வாங்குங்க, ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவுல ரெண்டு பாதை போகும். ஒண்ணைப் போட்டா ஒத்தையடிப் பாதை" என்றார். ஒரே டப்பாவில் ஒன்றாகச் சோதித்து ஒன்றாக அடைத்த ஜோடி, அதை மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட்டிலும் நான்காவது ஸ்லாட்டிலும் அவர் அழுத்தியபோது 'டக்', 'டக்' என்று இரண்டு சத்தம் கேட்டது. பதினெட்டு வருடமாக மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ்களை விளக்கில் பிடித்துப் பார்த்து ஜோடி சேர்ப்பவள் நான், எனக்கு இது இரண்டு தடவை சொல்லாமலே புரிந்தது.

அப்புறம் நீ பத்து நாள் லீவில் வந்தாய். கிளம்புவதற்கு முதல்நாள் "தூசி தட்டித் தரேன்" என்று அந்தக் கேபினெட்டைத் திறந்து, பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, பாருங்கள் என் பிள்ளையை, தங்கை சாமானை எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்று பெருமையடித்தேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ போன மறு வாரமே குட்டி கேம் திக்குகிறது என்றாள். தனியாக நடந்து போகும்போது ஒழுங்காக இருக்குமாம், எதிராளிகள் பத்துப் பேர் ஓர் இடத்தில் கூடினால் படம் நின்று நின்று போகுமாம். கேமுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படத்தின் தரத்தையெல்லாம் குறைத்தாள், திரை பார்க்கச் சகிக்கவில்லை, சோப்புத் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி இருந்தது. நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன், உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன் என்று நினைக்காதே. படம் தெளிவாக இல்லை, திக்குகிறது என்று ஒரு பெண் சொன்னால் என் தொழிலில் இருப்பவளுக்கு வேறு என்ன தோன்றும், இழுத்துக்கொண்டு போய் எங்கள் பட்டறையில் கண் சோதிக்க உட்கார வைத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். நான் விடவில்லை, இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். "அக்கா, உங்க பொண்ணு சுவத்துல ஒட்டின பல்லியோட மூக்கைக்கூடப் படிப்பா, கூட்டிட்டுப் போங்க" என்று சிரித்தார்கள். கண்ணில் குறை இல்லை என்றதும் அவள் கையில்தான் குறை என்று முடிவு கட்டிக்கொண்டாள். மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொள்வாள், கட்டுப் போட்டுக்கொள்வாள், பஸ்ஸில்கூட ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே வருவாள். அப்போதுதான் உனக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் போட்டாள், நானும் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் திக்குதுண்ணா என்றாள். நீ என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா? "மெஷின் மேல பழி போடாதே குட்டி, கையை வளர்த்துக்கோ. பத்தொம்பதுலயே வயசாயிடுச்சா உனக்கு?" என்றாய். அவள் சிரித்தாள். போனை வைத்ததும் கட்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

வீட்டிலிருந்தே நெட்டில் விளையாடும் தேர்வு அது, முதல் சுற்றில் முப்பத்தொன்றாவதாக வந்தாள். அன்று நான் அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த விளையாட்டில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றுகூடத் தெரியாது, அதனால் திரையைவிட அவள் விரலைத்தான் அதிகம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. விரல் முன்னால் போகிறது, படம் பின்னால் வருகிறது. அவள் அழுத்தி முடித்து, கையை எடுத்து, அடுத்த பொத்தானுக்குப் போன பிறகு படம் திடுக்கென்று விழித்துக்கொள்கிறது. கூட்டம் சேரும்போது மட்டும். எனக்கு அந்த வேதனை தெரியும், பெரியவனே. தனியாக இருந்தால் எனக்கும் எல்லாம் சரளமாக வரும், பத்துப் பேர் கூடினால் நெஞ்சில் இருப்பது வாய்க்கு வந்து சேர நேரமாகும், அதற்குள் எல்லோரும் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்மானித்துவிடுவார்கள். என் பெண்ணின் கையில் குறை இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் கேபினெட்டைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். காந்தம் அண்ணன் பக்கத் தகட்டைக் கழற்றியதும் இருவரும் பார்த்தோம், இரண்டாவது ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, நான்காவது ஸ்லாட் காலி. எனக்குள் என்ன புகுந்தது என்று தெரியவில்லை. ஒரு சாமானின் விலை கேட்க நாக்கு எழாதவள், கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டு என்று ஏமாற்றிவிட்டீர்களே, ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்களே என்று கத்தினேன். என் வாழ்நாளில் வெளி ஆளிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் பதிலுக்குக் கத்தவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தான் பூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு மெஷினையும் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கமாம். அதில் தேதி இருந்தது, என் சேலை முந்தானை ஓரத்தில் தெரிந்தது, ஜோடி ரேமும் இருந்தது. பிறகு பின்பக்க ஸ்க்ரூவைக் காட்டினார். அதன் தலையில் அவர் ஒரு பொட்டு நகப்பூச்சு வைப்பாராம், யாராவது திறந்தால் தெரிவதற்கு. பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. "வீட்டுல யாரும்மா திறந்தாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூசி தட்டும் பிரஷ்ஷையும் அந்த டீயையும் நினைத்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அத்தனை நேரம் ஆனது. அவர் தன் சொந்த மெஷினைத் திறந்து, அதிலிருந்த ஜோடியைக் கழற்றி எங்கள் மதர்போர்டில் போட்டார். "பொண்ணு மேட்ச் முடியட்டும், அப்புறம் குடுங்க" என்றார். திட்டு வாங்கிய மனுஷன் கொடுத்தான், டீ வாங்கிக் குடித்த பிள்ளை எடுத்தான்.

அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். நான் எடுக்கவில்லை என்று நீ பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சிரித்தாய். "ஆமாம்மா, நான்தான் எடுத்தேன். ரெண்டுல ஒண்ணுதானே? ஒண்ணை அவளுக்கு வெச்சுட்டுத்தானே வந்தேன்! நம்ம வீட்டுச் சட்டம்தானேம்மா, ஆளுக்குப் பாதி" என்றாய். பேச்சோடு பேச்சாக "என்னோடது ஒத்த ரேம்ல திக்கித் திக்கி ஓடுச்சும்மா, கூட்டமா சண்டை வந்தா கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும், வெறுத்துப் போச்சு" என்றும் சொன்னாய். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒற்றை ரேமில் விளையாடினால் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் எல்லோரையும்விட உனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் திக்கலைக் கழற்றி அவள் மெஷினில் மாட்டிவிட்டுப் போய், திக்குகிறது என்று அவள் சொன்னபோது கையை வளர்த்துக்கொள்ளச் சொன்னாய். மெஷினில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது, அதனால் போதும் என்று நினைத்தேன் என்றாயே, நாங்கள் கண்ணாடியில் ஒரு லென்ஸைக் கழற்றிக்கொண்டு, இன்னொன்று இருக்கிறதே, காதில் மாட்டினால் நிற்கிறதே என்று ஆளை அனுப்பினால் எப்படி இருக்கும்? உனக்காகப் பரிந்து பேசலாம் என்று வாயைத் திறந்த அப்பாகூட, "லிஃப்ட்டுல ஒரு பல்பைக் கழட்டினாலும் பலகையில எழுதி மாட்டிட்டுத்தான்டி போவோம், ஏறப் போறவனுக்குத் தெரியணும்ல" என்று சொல்லிவிட்டார்.

சட்டத்தைப் பற்றிப் பேசுகிறாய், அதனால் சொல்கிறேன். அது நான் போட்ட சட்டம், நீ பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய். ஆளுக்குப் பாதி, ஒருவர் வெட்டினால் மற்றவர் முதலில் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு யாரும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. சின்ன வயதில் உங்கள் அறையை நீ சாக்பீஸால் கோடு போட்டு இரண்டாக்கினாய், ஜன்னல் பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள், நீ இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாய், ஆனாலும் கொடுத்தாய். ஆறு வயதுப் பெண்ணுக்கு எதிரில் நேர்மையாக இருந்த பையன், இத்தனை வயதில், அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீயே வெட்டி நீயே எடுத்துக்கொண்டாய். இதை நினைத்துத்தான் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது சுற்றில் அவள் மூன்றாவது, மூன்றாவது சுற்றில் இரண்டாவது. கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு விளையாடினாள். காந்தம் அண்ணன் மூன்றாவது சுற்றைத் தன் கடையிலிருந்தே நெட்டில் பார்த்திருக்கிறார், இரவல் ரேமைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இந்தக் கையை வெச்சுட்டு வீட்டுல என்ன பண்றே? பூட்டுற மெஷினையெல்லாம் கூட்டத்துல ஓட்டிப் பாத்துச் சொல்ல எனக்கு ஓர் ஆள் வேணும், திங்கக்கிழமையிலேருந்து வா" என்று கூப்பிட்டிருக்கிறார். போகிறேன் என்றிருக்கிறாள். வேலை செய்தபடி வருடம் முழுக்கப் பழகலாம், அடுத்த தேர்வுக்கு என் கையாலேயே ஒரு ஜோடி வாங்கிப் போடுவேன் என்கிறாள்.

நேற்று முடிவு வந்த பிறகு நான் அவளிடம், அவன்தான் வெட்டினான், அதனால் முதலில் எடுக்க வேண்டியது நீ, என்ன வேண்டும் சொல், நான் வாங்கித் தருகிறேன் என்றேன். அவனை நேரில் வரச் சொல், காலில் விழச் சொல் என்று ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்டிருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும். அவள் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தாள். கேபினெட்டைத் திறந்து இரவலைக் கொடுத்த பிறகு மறுபடி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டிருந்த எங்கள் ஒற்றை ரேமைக் கழற்றினாள். "அண்ணன்கிட்ட இருக்கறது அவனோட பழைய ரேமோட ஒத்துப் போகாம நடுநடுவுல மெஷினே அணைஞ்சிடுதாம். என்கிட்ட இருக்கறது திக்குது. ரெண்டு பேருக்கும் உதவாம எதுக்கும்மா? ஜோடி ஒரே இடத்துல இருக்கட்டும், அனுப்பிடு" என்றாள். நான் மாட்டேன் என்றேன். "எடுத்தப்புறம் யாரும் முறுக்கிக்கக் கூடாது, நீ போட்ட சட்டம்" என்றாள். நான் போய் அந்த ரேம் வந்த வெள்ளிநிறப் பையைத் தேடி எடுத்து வந்தேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளிநிறப் பை இருக்கும், கிழித்துவிடாதே, அதற்குள்தான் இருக்கிறது. பொன்னிறப் பல் இருக்கும் ஓரத்தை விரலால் தொடாதே, பக்கவாட்டில் பிடி. பழையதைக் கழற்றிவிட்டு ஜோடியை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு, இரண்டு தடவை 'டக்' என்று கேட்க வேண்டும். மெஷின் ஆன் ஆனதும் செட்டிங்கில் போய் ரேமின் முழு வேகத்தையும் திறந்துவிடு, இல்லையென்றால் பாதி வேகத்தில்தான் ஓடும். நன்றாக ஓடும். கூட்டமாகச் சண்டை வந்தாலும் திக்காது. அப்படித் திக்காமல் ஓடும்போதெல்லாம் இங்கே ஒரு மெஷின் இரண்டு ஸ்லாட்டும் காலியாக, விளக்குகூட எரியாமல் நிற்கிறது என்று உனக்கு நினைவு வர வேண்டும், அதற்காகவும்தான் அனுப்புகிறேன், என் மனசு குட்டியின் மனசு அளவுக்குப் பெரியது இல்லை.

புது ரேம் வாங்கி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, அவள் தொட மாட்டாள். எனக்குப் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். அவளுக்குச் செய். கை மெதுவாகிவிட்டது என்று நீ சொன்னதை அவள் இன்னும் முழுதாகக் கழற்றிப் போடவில்லை, நேற்றுக்கூடப் பந்தை அழுத்திக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவும் கடைக்காரரும் சொல்லிப் பார்த்துவிட்டோம், அவளுக்கு உன் வாயிலிருந்து வந்தது உன் வாயால்தான் போகும். உன் கையில் எந்தக் குறையும் இல்லை, இருந்த குறை என்னுடையது என்று நிறுத்தி நிதானமாகச் சொல். சிரிக்காமல் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்திலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. நல்ல புத்தியோடு நீண்ட நாள் இரு. அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். திங்கட்கிழமை குட்டி ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள், அதற்கு முன்னால் போன் செய்.

உன் மேல் தீராத கோபத்தோடும் தீராத பிரியத்தோடும்,
அம்மா